என் சடங்குக் கடனை நானே அடைத்தேன்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜூன் 12, குழந்தைத் தொழிலாளர் எதிர்ப்பு நாளன்று தங்கள் நாளிதழில் வந்த தலையங்கத்தை எங்கள் சத்துணவுக் கூடத்துத் திண்ணையில் உட்கார்ந்து இரண்டு முறை வாசித்தேன். 2020இல் உலகம் முழுவதும் 16 கோடிப் பிள்ளைகள் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள், 2024இல் அது 13.8 கோடியாகக் குறைந்திருக்கிறது என்று சர்வதேசக் கணக்கை எடுத்துக் காட்டியிருந்தீர்கள். அக்கறையோடு எழுதிய தலையங்கம். ஆனால் வறுமை ஒழிந்தால் குழந்தைத் தொழிலும் தானே ஒழிந்துவிடும் என்று முடித்திருந்தீர்களே, அந்த இடத்தில் எனக்கு மனம் ஒப்பவில்லை. பத்து வயதில் தீப்பெட்டி ஆபீஸுக்குப் போனவள் நான். அந்த வரிக்கு நான் பதில் எழுதாவிட்டால் வேறு யார் எழுதுவார்கள் என்று தோன்றியது.

எனக்கு 56 வயது. சாத்தூர் வட்டத்தில் ஒரு கரிசல்காட்டு ஊர். 28 வருஷமாகச் சத்துணவு அமைப்பாளராக இருக்கிறேன். எங்கள் பக்கம் தீப்பெட்டித் தொழிற்சாலையைத் தொழிற்சாலை என்று யாரும் சொல்வதில்லை, ஆபீஸ்தான். 1923இல் சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் தொடங்கியது முதல், மழை பொய்த்த வருஷங்களில் எங்கள் சனங்களுக்குக் கஞ்சி ஊற்றியது அந்த ஆபீஸ்தான். அதனால் தொழிலைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை.

1979இல் ஐந்தாம் வகுப்பு முடித்த கையோடு என்னை ஆபீஸ் பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள். விடிகாலை நாலு மணிக்கு முன்னாலேயே பஸ் வந்துவிடும். அதற்கும் முன்னால் ஏஜென்ட்டின் ஆள் ஒருவர் தெருத்தெருவாக வந்து கதவைத் தட்டிப் பேர் சொல்லி எழுப்புவார். தூக்கம் கலையாத பிள்ளைகளை அம்மாமார்கள் இடுப்பில் தூக்கிவந்து பஸ்ஸில் உட்கார வைத்ததை நான் பார்த்திருக்கிறேன். திரும்பி வர ராத்திரி எட்டாகும். என் வேலை கட்டை அடுக்குவது. பள்ளம் வெட்டிய சட்டத்தில் குச்சிகளை ஒவ்வொன்றாக வரிசை வைத்து, அதன் மேல் இன்னொரு சட்டம், அதன் மேல் இன்னொன்று என்று அடுக்கி, நிறைந்ததும் இறுக்கிக் கொடுக்க வேண்டும். அப்புறம் அது மருந்தில் முக்கப் போகும். எண்ணிக்கைக்குத்தான் கூலி. நான் ஓடி ஓடி அடுக்கினால் நாளைக்கு மூன்று ரூபாய் வரும்.

எங்கள் வீடு பட்டினி கிடந்த வீடு இல்லை. மூன்று ஏக்கர் கரிசல், ஒரு ஜோடி மாடு, பருத்தியும் கம்பும் போடுவோம். விளைந்த வருஷம் நன்றாகவே இருப்போம். எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு சின்னம்மா இருந்தார். புருஷன் இறந்துவிட்டார், ஒரு குழி நிலம் கிடையாது, பருத்தி எடுக்கவும் களை வெட்டவும் கூலிக்குப் போவார். அவருக்கு ஒரே மகள், என் வயது. வறுமைதான் பிள்ளைகளை வேலைக்கு அனுப்புகிறது என்றால் அந்தப் பிள்ளை அல்லவா முதல் ஆளாகப் பஸ் ஏறியிருக்க வேண்டும்? அவள் ஏறவில்லை. சின்னம்மா ஒரேயடியாக மறுத்துவிட்டார். ஊர் அவரை என்ன பாடுபடுத்தியது என்பதை நான் காதால் கேட்டவள். "ராணி பெத்த பிள்ளையாக்கும், கையில கறை படக்கூடாதோ?" என்று தண்ணீர்க் குழாயடியில் வைத்துக் கேட்டார்கள். "பொம்பளப்பிள்ளைய இப்படி வளத்தா எவன் கட்டுவான்?" என்று அவருடைய சொந்த அண்ணனே கேட்டார். அவர் யாருக்கும் பதில் சொல்லவில்லை. அந்தப் பிள்ளை பின்னாளில் நர்ஸ் ஆனாள்.

என் அய்யா கெட்டவர் இல்லை. என்னை ஒரு நாளும் அடித்ததில்லை. முதலில் அவருக்கு என்னை அனுப்ப மனமும் இல்லை. பெரியப்பாதான் வந்து உட்கார்ந்து பேசினார். "எல்லா வீட்டுப் பிள்ளையும் போகுது. நம்ம பிள்ளை மட்டும் வீட்ல கெடந்தா, அதுக்கு என்ன குறைன்னு கேப்பாக" என்றார். அந்த ஒரு பேச்சு போதுமாக இருந்தது. என் வயதுப் பெண்பிள்ளை பகலில் தெருவில் நின்றால் விசித்திரமாகப் பார்க்கும் ஊராகிவிட்டது எங்கள் ஊர்.

இதையும் சொல்லிவிடுகிறேன். பஸ் ஏற எனக்கே ஆசை இருந்தது. கூட விளையாடின பிள்ளைகள் எல்லாம் அதில்தான் போனார்கள். சனிக்கிழமை கூலி வாங்கி வளையலும் ரிப்பனும் சேவுப் பொட்டலமுமாக இறங்குவார்கள். பள்ளிக்கூடத்திலோ ஆறாம் வகுப்புக்குப் பக்கத்து ஊருக்கு நடக்க வேண்டும், கூட நடக்க ஒரு பிள்ளை இல்லை. நான் நிற்கிறேன் என்று சொன்னபோது வாத்தியார் ஏன் என்று கேட்கவில்லை. "ஆபீஸுக்கா? சரி, போ" என்றார். பிள்ளைகள் நிற்பது அவருக்கும் பழகிப்போயிருந்தது. அய்யா, பெரியப்பா, வாத்தியார், நான், எங்களில் ஒருவருக்குமே இது தவறு என்று தோன்றவில்லை என்பதைத்தான் தங்கள் வாசகர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

என் தம்பி படித்தான். அவன் ஆண்பிள்ளை. அவனுடைய நோட்டுக்கும் சட்டைக்கும் என் சனிக்கிழமைக் கூலிதான். 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டம் கொண்டுவந்தபோது அது கிராமத்தில் தொடக்கப்பள்ளி வயதுப் பிள்ளைகளுக்குத்தான். தம்பி தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடுவான். எனக்கு அப்போது 13 வயது. மதியம் சாம்பார் சாதம் போட்டார்கள் என்று ராத்திரி அவன் சொல்லக் கேட்டுக்கொண்டே தூங்கிவிடுவேன். இன்று அவன் அரசு பஸ் கண்டக்டர். பொங்கல் சீர் கொண்டு வரும்போதெல்லாம் என் மருமகன் காதுபட "அக்கா காசுலதான் படிச்சேன்" என்று சொல்வான். சொல்லும்போது அவன் குரல் கம்மும். அவன் மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது.

ஆனால் ஒன்று மட்டும் இன்றுவரை ஆறவில்லை. 13 வயது முடியும் சமயம் நான் பெரியமனுஷி ஆனேன். எங்கள் ஊரில் சடங்கு வைக்காமல் இருக்க முடியாது. தாய்மாமன் குடிசை கட்ட வேண்டும், பந்தல், மைக்செட், ஊருக்குச் சாப்பாடு. சிறிதாக வைத்துக்கொள்ளலாம் என்று அம்மா சொன்னதற்கு, "ஊர் மொய்யெல்லாம் நாம செஞ்சது திரும்ப வர வேணாமா?" என்று சொந்தக்காரர்கள் விடவில்லை. அந்த வருஷம் பருத்தி சரியில்லை. அய்யா ஏஜென்ட்டிடம் 500 ரூபாய் முன்பணம் வாங்கினார், என் பேரில், என் கூலியில் கழித்துக்கொள்ளும்படி. மொய் வந்ததில் பாதி பழைய கடனுக்குப் போயிற்று. தீட்டுக் கழிந்து, தாவணி கட்டி, நான் மறுபடி பஸ் ஏறினேன். இரண்டு வருஷத்துக்கு மேல் அந்த 500 ரூபாய் என் கூலியில் கழிந்துகொண்டே இருந்தது. முன்பணம் நிற்கிற வரைக்கும் ஆபீஸை மாற்றவும் முடியாது, காய்ச்சல் என்று நிற்கவும் முடியாது. என் சடங்குக்கு வந்து சாப்பிட்டவர்கள் யாரும் அந்தச் சோற்றுக்கு யார் கட்டை அடுக்கினார்கள் என்று நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள். அவர்கள் வீட்டிலும் அதுதான் நடந்தது.

இதை வறுமை என்ற ஒரே பெட்டிக்குள் எப்படி அடைப்பது, அய்யா? அந்தக் கடன் வயிற்றுக்காக வாங்கியது இல்லை, ஊர் வாய்க்காக வாங்கியது.

அடுத்தது கல்யாணம். பெண் பார்க்க வந்தவர்கள் என்னைப் பாடச் சொல்லவும் இல்லை, படிப்பு கேட்கவும் இல்லை. "நாளைக்கு எத்தனை கட்டை அடுக்குவா?" என்று மாமியார் கேட்டார். கைவேகம் நல்ல பெண்ணுக்கு நல்ல இடம். ஒரு பெண் எத்தனை வருஷம் ஆபீஸுக்குப் போனாளோ அத்தனை சவரன் என்று கணக்கே உண்டு. "அவ கழுத்துக்கு அவளே சேத்துக்கிட்டா" என்று பெருமையாகச் சொல்வார்கள். பிள்ளைகளுக்குச் சின்ன விரல், அதனால் குச்சி அடுக்க அவர்கள்தான் தோது என்று கணக்கப்பிள்ளைகள் சொன்னதை ஊரும் நம்பியது. என் அம்மா ஒரு வருஷம் என்னோடு ஆபீஸுக்கு வந்தார். தினமும் என்னைவிட அதிகமாகவே அடுக்கினார். சின்ன விரலால் ஒரு லாபமும் இல்லை. குறைந்த கூலிக்கு வாய் பேசாமல் உட்கார்ந்திருக்கும் என்பதுதான் லாபம்.

கல்யாணத்துக்கு அப்புறம், என் வீட்டுக்காரர் சம்மதத்தோடு எட்டாவதையும் பத்தாவதையும் தனித்தேர்வாக எழுதினேன். 1997இல் இந்த வேலை கிடைத்தது.

சட்டங்கள் ஒன்றும் செய்யவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். 1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. 1988இல் தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டம் வந்து, வேலையிலிருந்து மீட்ட பிள்ளைகளுக்குச் சிறப்புப் பள்ளிகள் நடந்தன. சிவகாசிப் பட்டாசு ஆலை ஒன்றில் 39 பேர் இறந்த விபத்துக்குப் பிறகு உச்ச நீதிமன்றம் தானாகவே அதைக் கையில் எடுத்தது. வழக்கறிஞர் எம்.சி. மேத்தா ஏற்கெனவே தொடுத்திருந்த வழக்கில் 1996 டிசம்பர் 10 அன்று தீர்ப்பு வந்தது. ஆபத்தான தொழிலில் வைத்திருந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும், அந்த வீட்டில் பெரியவர் ஒருவருக்கு வேலை தரவேண்டும், தர முடியாவிட்டால் அரசு 5,000 ரூபாய் போட வேண்டும் என்றார்கள். அதற்குப் பிறகுதான் முதலாளிகளுக்கு உண்மையிலேயே பயம் வந்தது. விடிகாலைப் பஸ்ஸில் பிள்ளைகள் குறைந்தார்கள். அப்புறம் மெஷின் வந்தது. இன்று எங்கள் ஊரில் பத்து வயதுப் பிள்ளை யாரும் ஆபீஸுக்குப் போவதில்லை. இதை நான் சந்தோஷமாகவே சொல்கிறேன்.

ஊர்ப் பேச்சு மட்டும் அப்படியே இருந்தது. 2000க்குப் பிறகு மில் ஏஜென்ட்டுகள் வந்தார்கள். கோயம்புத்தூர், திருப்பூர், திண்டுக்கல் பக்கத்து நூற்பாலைகளில் மூன்று வருஷம் தங்கி வேலை பார்த்தால் கடைசியில் மொத்தமாக ஒரு தொகை. அதற்கு அவர்கள் வைத்த பேரைக் கவனியுங்கள், சுமங்கலித் திட்டம். கூலி என்று சொல்லவில்லை, வேலை என்றும் சொல்லவில்லை. கல்யாணம் என்று சொன்னார்கள், எங்கள் சனங்கள் கதவைத் திறந்துவிட்டார்கள். என் ஒன்றுவிட்ட அக்கா மகள் 15 வயதில் போனாள். 40,000 ரூபாய் தருவதாகப் பேச்சு. இரண்டரை வருஷத்தில் மூச்சிரைப்போடு திரும்பி வந்தாள். மூன்று வருஷம் முடியவில்லை என்று சொல்லி அந்த மில்லில் கொஞ்சமாகக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். வீட்டில் அதைப் பற்றிச் சண்டை போடக்கூடப் பயந்தார்கள். மில்லில் தங்கிவிட்டு வந்த பெண் என்று ஏற்கெனவே ஒரு மாதிரிப் பேச்சு இருந்தது, விஷயம் பெரிதானால் வரன் வராது என்று.

கொரோனாவில் பள்ளிக்கூடம் மூடியபோது பட்டதை மறக்கவே முடியாது. 2021 நவம்பர் 1 அன்று ஒன்று முதல் எட்டு வரை திறந்தபோது எங்கள் பள்ளியில் ஆறாவது முதல் எட்டாவது வரை 11 பிள்ளைகள் வரவில்லை. தலைமையாசிரியையும் நானும் வீடு வீடாகப் போனோம். ஆண்பிள்ளைகள் வீட்டில், "சும்மா சுத்துறதுக்கு வேலை பழகட்டும் டீச்சர், தொழில் தெரிஞ்ச பயலுக்குப் பயமில்ல" என்றார்கள். அப்பா இறந்துபோன ஒரு பையன், 13 வயது, செங்கல் சூளைக்குப் போயிருந்தான். அவன் பாட்டி என்னிடம், "இப்ப அவன்தானே தாயி வீட்டுக்குப் பெரிய ஆம்பள" என்றார். பெண்பிள்ளைகள் வீட்டில் கேட்டது வேறு. "வயசுக்கு வந்துட்டா, தூரம் அனுப்ப முடியாது" என்பார்கள். அல்லது அம்மா வேலைக்குப் போவதால் தம்பி தங்கச்சியைப் பார்க்க ஆள் இல்லை. வீட்டு வேலையையும் பிள்ளை பார்ப்பதையும் வேலை என்று எங்கள் சனமும் எண்ணுவதில்லை, அரசுக் கணக்கும் பெரும்பாலும் எண்ணுவதில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இந்தியாவில் 5 முதல் 14 வயது வரை ஒரு கோடிக்கு மேல் வேலை பார்க்கும் பிள்ளைகள் என்றது. சோறு பொங்கி, தண்ணீர் தூக்கி, தம்பியை இடுப்பில் சுமந்து படிப்பை விட்ட பெண்பிள்ளைகள் அந்தக் கோடிக்கு வெளியேதான் நிற்கிறார்கள். 11 பேரில் எட்டுப் பேரைத் திரும்பக் கொண்டுவந்தோம். மூன்று பேர் வரவில்லை.

இந்த வருஷம் நடப்பதைச் சொல்கிறேன். எட்டாவது படிக்கிற ஒரு பிள்ளை, கெட்டிக்காரி, கணக்கில் எப்போதும் முதல். மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் தட்டின் முன்னாலேயே தூங்குகிறாள். விசாரித்தால், பட்டாசுக்குப் பேப்பர் குழாய் உருட்டி ஒட்டும் வேலை வீட்டுக்கே வருகிறது. விடிகாலை ஐந்து முதல் எட்டு வரை, ராத்திரி மறுபடியும். போன வருஷம் அவளுக்கும் சடங்கு நடந்தது. மண்டபம், ஃபிளக்ஸ், வீடியோ, ட்ரோன் வரைக்கும். குழுக்கடன் வாங்கியிருக்கிறார்கள், வாரா வாரம் தவணை. என்னிடம் கூலி கழித்த ஏஜென்ட்டுக்குப் பதில் இப்போது வார வசூலுக்கு வருகிறவர். பிள்ளையின் அம்மாவிடம் பேசினேன். "நீங்க போட்டோ பாத்தீங்கல்ல டீச்சர், ஊரே அசந்துபோச்சு" என்றார். அவரும் ஒரு காலத்தில் என்னிடம் சத்துணவு சாப்பிட்ட பிள்ளைதான்.

சட்டம் என்ன சொல்கிறது? 2016 திருத்தத்தில் 14 வயதுக்குக் கீழே எந்த வேலையிலும் வைக்கக்கூடாது என்று கடுமையாக்கினார்கள். ஆனால் பள்ளி நேரம் போக, ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் பிள்ளை உதவலாம் என்று அதிலேயே விலக்கும் கொடுத்திருக்கிறார்கள். குழாய் உருட்டும்போது மருந்து இல்லை, வெறும் காகிதம். புகார் செய்தால் "அம்மாவுக்கு உதவி" என்று சொல்லிவிடுவார்கள். எந்த இன்ஸ்பெக்டரும் அந்த வீட்டுத் திண்ணையைச் சோதிக்கப் போவதில்லை, போனாலும் ஊரே திரண்டு அந்த அம்மா பக்கம்தான் நிற்கும்.

ஊர் வழக்கத்தை மாற்றவே முடியாது என்று நான் சொல்ல வரவில்லை. அது மாறியதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் நினைவு திருமண உதவித் திட்டம் என்று ஒன்று இருந்தது. 2011க்குப் பிறகு பத்தாவது வரை படித்த ஏழைப் பெண்ணுக்கு 25,000 ரூபாயும் நாலு கிராம் தங்கமும், பட்டமோ டிப்ளமோவோ படித்திருந்தால் 50,000மும் தங்கமும் கொடுத்தார்கள். கல்யாணத்துக்கு அரசு எதற்குப் பணம் தரவேண்டும் என்று படித்தவர்கள் கேட்டார்கள். எங்கள் ஊரில் அது என்ன செய்தது தெரியுமா? எத்தனை கட்டை அடுக்குவாள் என்று கேட்ட அதே வாய்கள், "பத்தாவது பாஸா?" என்று கேட்க ஆரம்பித்தன. ஒன்பதாவதில் மகளை நிறுத்த இருந்த ஓர் அப்பா, தங்கம் போய்விடும் என்று இன்னொரு வருஷம் அனுப்பினார். அந்த ஒரு வருஷத்தில் அந்தப் பிள்ளைக்குப் படிப்பு ஆசை வந்து பன்னிரண்டு வரை போய்விட்டாள். 2022இல் அதைப் புதுமைப் பெண் திட்டமாக மாற்றி, அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பிள்ளைக்கு மாதம் 1,000 ரூபாய் என்று அவள் வங்கிக் கணக்கிலேயே போடுகிறார்கள். இது இன்னும் நல்லது, பணம் கல்யாணத்தை விட்டுப் படிப்போடு சேர்ந்துகொண்டது. ஆனால் எங்கள் ஊரில் பிள்ளை நழுவுவது கல்லூரி வாசலில் இல்லை. ஏழாவதில், எட்டாவதில், சடங்கு முடிந்த மறுமாதத்தில் நழுவுகிறாள்.

அதனால் நான் கேட்பது இவைதான். காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்போடு நிற்கிறது. அதை எட்டு வரை நீட்டினால், காலை எட்டரைக்குப் பள்ளிக்கு வந்தே ஆகவேண்டும் என்பதால், அந்த விடிகாலைக் குழாய் வேலை கொஞ்சமாவது உடையும். சொல்ல எளிது, செய்யச் செலவாகும் என்று தெரியும், ஆனாலும் கேட்கிறேன். சடங்குக்கு லீவு எடுத்த பிள்ளை எத்தனையாம் நாள் திரும்பினாள் என்று பள்ளியில் தனியாக ஒரு பதிவேடு வைக்கச் சொல்ல வேண்டும். பத்து நாள் தாண்டினால் ஆசிரியர் மட்டும் போகாமல் பஞ்சாயத்துத் தலைவரும், அந்தச் சாதியில் சொல்லுக்கு மதிப்புள்ள பெரியவர் ஒருவரும் கூடப் போக வேண்டும். நான் போனால் சத்துணவு டீச்சர் வந்தார் என்பார்கள். அவர் போனால் ஊர் வந்தது என்பார்கள்.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இதைப் பற்றி எழுதும்போது கலெக்டரையும் முதலாளியையும் மட்டும் கேட்காதீர்கள். பெண் பார்க்கப் போகும் மாமியார்களைக் கேளுங்கள், தாய்மாமன்களைக் கேளுங்கள், மொய் நோட்டு எழுதுகிறவர்களைக் கேளுங்கள். என் பக்கத்து வீட்டுச் சின்னம்மா இப்போது இல்லை. அவரைப் போல ஊரை எதிர்த்து நின்று மகளைப் படிக்க வைத்த அம்மாக்கள் எல்லா ஊரிலும் ஒன்றிரண்டு பேர் இருப்பார்கள். அவர்கள் படத்தை ஒரு நாள் முதல் பக்கத்தில் போடுங்கள்.

வருகிற ஆகஸ்ட் 15 கிராமசபைக் கூட்டத்தில், எங்கள் ஊரில் ஒரு லட்சத்துக்கு மேல் செலவழித்துச் சடங்கு வைப்பதில்லை, அந்தக் கடனுக்காகப் பிள்ளையை வேலையில் உட்கார வைப்பதில்லை என்று தீர்மானம் கொண்டுவர எழுதிக் கொடுத்திருக்கிறேன். இதுவரை ஏழு பெண்கள் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள், அதில் இரண்டு பேர் என்னோடு ஆபீஸ் பஸ்ஸில் வந்தவர்கள். பஞ்சாயத்தில் இன்னும் சரி என்று சொல்லவில்லை. தங்கள் நிருபர் யாராவது அன்றைக்கு வந்து உட்கார்ந்தால் எங்களுக்குத் தெம்பாக இருக்கும். கூட்டம் காலை 11 மணிக்கு, பள்ளிக்கூட வேப்பமரத்தடியில்.

என் பெயரையும் ஊரையும் வெளியிட வேண்டாம், குழாய் உருட்டும் பிள்ளையின் வீடு தெரிந்துவிடும். நிருபருக்கு வழி சொல்ல ஊர்ப் பெயரைத் தனித் தாளில் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு சத்துணவு அமைப்பாளர்,
சாத்தூர் வட்டம், விருதுநகர் மாவட்டம்.